கோபுரத்துப் புறாவும் மலைக்காட்டுப் புறாவும்

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள உடுப்பிட்டியில் மாடப்புறாவுக்கு இயற்கையான இருப்பிடம் கிடையாது. அவ்வூர் அமைந்த வடமராட்சி முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் மண் படிந்த சமதரை. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் எழும் நிலம் அங்கே அரிது. மாடப்புறா பொதுவாக மரத்தில் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையில் ஓர் இடுக்கு, அல்லது மழையும் வெயிலும் படாத ஒரு விளிம்பு அதற்கு வேண்டும். அப்படி ஒன்று இந்த மண்ணில் இல்லாததால், மனிதர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உயரக் கட்டத் தொடங்கிய பிறகே இந்தப் பறவைக்கு இங்கே நிலையான இடம் கிடைத்திருக்க முடியும். உடுப்பிட்டியின் புறாக்களைப் பற்றிப் பேசுவது, ஆகவே, உடுப்பிட்டியின் கட்டடங்களைப் பற்றிப் பேசுவதும் ஆகும்.

இதே தீவின் நடுவே, மலைநாட்டு ஈரக் காடுகளில், மாடப்புறாவின் நெருங்கிய உறவு ஒன்று வாழ்கிறது. இலங்கைக் காட்டுப்புறா என்னும் அப்பறவை உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லை. இரண்டும் கொலம்பா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கடந்த இருநூறு ஆண்டுகளில் முதலாவது ஊர்கள் தோறும் பரவியது. இரண்டாவது எஞ்சிய காட்டுத் துண்டுகளுக்குள் ஒடுங்கியது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியலில் மாடப்புறா கவலைக்கு இடமற்ற இனம்; காட்டுப்புறா அழிவாய்ப்புள்ள இனம். இந்த இடைவெளி எப்படி ஏற்பட்டது என்பதற்கு இலங்கையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

மாடப்புறாவை வருணிக்க வேண்டியதில்லை. சாம்பல் நீல உடல், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மாறும் மினுக்கம், சிவந்த கால் ஆகியவை அதன் மூல நிறம். ஊர்ப்புறாக் கூட்டத்தில் வெள்ளையும் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்து நிற்பவை, வளர்ப்பு இனங்களின் இரத்தம் கலந்தவை. காட்டுப்புறா அதைவிடச் சற்றுப் பெரியது. அலகிலிருந்து வால்வரை ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர். முதுகு கருஞ்சாம்பல், தலையும் வயிறும் வெளிறிய ஊதா. பிடரியில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக அமைந்திருக்கும். சதுரங்கப் பலகையின் ஒரு துண்டை அங்கே பதித்ததுபோல் தோன்றும். அதன் குரல் ஆந்தையின் குரலை ஒத்த ஆழ்ந்த ஒலி. உயர்ந்த மரங்களின் தலைப்பில் பழம் தின்று திரிவதால், காட்டில் நடப்பவர் பெரும்பாலும் அதைக் காணுமுன்னே அதன் சிறகடிப்பைத்தான் கேட்பார்.

பாறையில் வாழ்ந்த புறா மனிதரின் வீட்டுக்கு வந்தது மிகப் பழைய காலத்தில். மேற்கு ஆசியாவில் தானியப் பயிர்ச்செய்கை வேரூன்றிய நிலங்களிலேயே புறா வளர்ப்பும் தொடங்கியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழ்நாட்டு நகரங்களில் அது சங்க காலத்திலேயே குடிபுகுந்துவிட்டது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், கூதிர்காலத்து மழையில் இரவும் பகலும் தெரியாமல் மயங்கி, இரை தேட மன்றுக்கும் போகாமல் மாடத்திலேயே நிற்கும் செங்கால் ஆண்புறா ஒன்று வருகிறது. மன்றில் மேய்ந்து மாளிகையில் உறங்கும் பறவையாக அது அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றைய ஊர்ப்புறாவின் நாளும் அதேபோலத்தான் கழிகிறது. புறாவுக்காகத் தன் உடலை அரிந்து கொடுத்த செம்பியனைச் சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடியதைப் புறநானூற்றுப் பாடல்கள் பல சொல்கின்றன. அடைக்கலம் புகுந்த பறவை என்ற மதிப்பு அதற்குத் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. கோயில் வீதியில் புறாவை யாரும் கல்லெறிந்து விரட்டாததற்கு அந்த மதிப்பும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை வேறாக இருந்தது. சாதாரண மக்களின் வீடுகள் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்டவை. கிடுகு வேய்ந்தவையும் உண்டு. கூரை தாழ்ந்து வந்து சுவரை மூடிவிடும். அந்த வீடுகளில் புறாவுக்கு ஒதுங்க ஒரு விளிம்பும் இல்லை. உயர்ந்த கட்டுமானம் என்றால் அது கோயில்தான். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பின்னர் கோயில்கள் இடிக்கப்பட்டன. கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. அதற்கடுத்து ஒல்லாந்தர் 1680 முதல் விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டை, முருகைக்கல்லால் எழுந்த செங்குத்துச் சுவர். புறாவின் கண்ணில் அதற்கும் கடற்பாறைக்கும் வேறுபாடு இல்லை. கோட்டைகளும் தேவாலயங்களும் பாறையற்ற தரையில் மனிதர் எழுப்பிய பாறைகளாயின.

ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கோயில்கள் மெல்ல மீண்டும் எழுந்தன. பிரித்தானியர் காலத்தில் அந்த வேலை விரைந்தது. கல்லால் திருப்பணி செய்த கோயில்களும், மணிக்கூட்டுக் கோபுரங்களும், பின்னர் சுதைச் சிற்பம் நிறைந்த இராசகோபுரங்களும் ஊர் ஊராக வந்தன. சிற்பத்தின் தோளுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, புறாவுக்கு வேண்டிய அதே அளவு இடம். உடுப்பிட்டியில் இதனுடன் இன்னொன்றும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் அங்கே ஒரு நிலையத்தை அமைத்தது. 1868 இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை இன்று உடுப்பிட்டி மகளிர் கல்லூரியாக நிற்கிறது. ஆண்களுக்கான அமெரிக்க மிஷன் கல்லூரியும் அவ்வூரிலேயே உள்ளது. உயர்ந்த சுவரும் அகன்ற விறாந்தையும் ஓட்டுக் கூரையும் கொண்ட மிஷன் கட்டடப் பாணி ஊருக்குள் பரவியது. கடல் கடந்து உழைத்து வந்த பணத்தில் நாற்சார் வீடுகள் எழுந்தன. கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விடப்பட்ட இடைவெளிகள் புறாவுக்கும் வாசலாயின. ஓலையிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து சீமெந்துத் தட்டுக்கும் வீடு மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் புறாவுக்கு இடம் கூடியது.

இடம் மட்டும் போதாது, இரையும் வேண்டும். மாடப்புறா தானியம் தின்னும் பறவை. நெல், குரக்கன், சாமை, பயறு என்று வடமராட்சி வயலிலும் தோட்டத்திலும் விளைந்தது எல்லாம் அதற்கு உணவு. ஆயினும் குடாநாட்டின் நெல் விளைச்சல் அங்குள்ள மக்களுக்கே போதியதாக இருந்ததில்லை. பற்றாக்குறையை ஈடுசெய்தது கடல் வாணிபம். உடுப்பிட்டிக்கு அடுத்துள்ள வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசி ஏற்றி வந்தன. துறைமுகங்களின் கிட்டங்கிகளிலும் நெல்லியடி போன்ற சந்தைகளிலும் மூட்டை அவிழ்ந்த இடமெல்லாம் தானியம் சிந்தியது. பருவம் பார்த்து விளையும் வயலை நம்பியிருக்க வேண்டிய தேவை அத்துடன் புறாவுக்கு நீங்கியது. ஆண்டு முழுவதும் தீனி கிடைத்ததால் ஆண்டு முழுவதும் முட்டையிட்டது. ஊர்ப்புறாவின் பெருக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கோபுரங்கள் அதற்குக் கூரை தந்தன. கப்பலில் வந்த அரிசி அதன் பெருக்கத்துக்குத் துணை நின்றிருக்கலாம்.

இலங்கைப் பறவைகளை முறையாக ஆராய்ந்து எழுதிய தொடக்ககாலத்தவருள் ஒருவர், உடுப்பிட்டிக்கு அருகே உள்ள பருத்தித்துறையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. எட்கர் லெயார்ட், நினிவே நகரை அகழ்ந்த ஒஸ்டின் லெயார்டின் தம்பி. 1846 இல் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தங்கினார்; அவருடைய இலங்கைப் பறவைக் குறிப்புகள் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலண்டன் இயற்கை வரலாற்று இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தன. வடமராட்சியின் மணல்வெளியையும் களப்பையும் பனங்காட்டையும் அறிவியல் எழுத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். பின்னர் அவர் தென்னாபிரிக்காவின் கேப் நகருக்குச் சென்றார். 1855 இன் இறுதியில் சார்ள்ஸ் டார்வின் உலகின் பல மூலைகளில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதி வளர்ப்புப் புறாக்களின் தோல்களை அனுப்பக் கேட்டபோது, கடிதம் பெற்றவர்களில் லெயார்டும் ஒருவர். சென்னையிலிருந்து வால்ட்டர் எலியட் அனுப்பிய புறாக்களுக்கு 1859 இல் வெளிவந்த தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் நன்றி கூறினார். எண்ணற்ற வடிவங்களில் காணும் வளர்ப்புப் புறாக்கள் அனைத்தும் ஒரே பாறைப்புறாவிலிருந்து பிறந்தவை என்ற அவருடைய முடிவுக்கு அந்தத் தோல்களும் துணை நின்றன.

அதே காலத்தில் இலங்கையில் மாடப்புறாவுக்கு ஒரு தொழிலும் கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் அன்று காலியில் நங்கூரமிட்டன. செய்தியைக் கொழும்புக்குக் கொண்டுவரக் கரையோரப் பாதையில் குதிரை வண்டி ஓட வேண்டும். 1850களில் கொழும்பின் ஒப்சேவர் பத்திரிகை காலியிலிருந்து தூதுப்புறாக்களைப் பறக்கவிட்டு, போட்டிப் பத்திரிகைகளுக்கு முன்னால் செய்தியை அச்சேற்றியது. கிரிமியப் போர்ச் செய்திகள் அந்த வழியில் வந்தன. 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி இணைந்ததும் புறாக்களின் வேலை முடிந்தது.

காட்டுப்புறா இத்தகைய எந்த உறவிலும் கலக்கவில்லை. அது அறிவியலுக்கு அறிமுகமானதும் அப்போதுதான். இலங்கையிலே பிறந்து படை மருத்துவராகப் பணியாற்றிய எட்வேர்ட் கெலார்ட், நுவரெலியாப் பகுதியில் தங்கியிருந்த காலத்தில் மலைநாட்டு விலங்குகளைத் தொகுத்தார். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பராமரித்த எட்வேர்ட் பிளைத்துடன் சேர்ந்து அவர் இந்தப் புறாவை 1850களின் தொடக்கத்தில் வருணித்தார். அறிவியற் பெயரில் டொரிங்டன் குடும்பத்தின் பெயர் ஏறியது. 1847 முதல் 1850 வரை ஆளுநராக இருந்து, புதிய வரிகளால் 1848 கிளர்ச்சிக்குக் காரணமாகி, அதை அடக்கிய கொடுமைக்காகத் திருப்பி அழைக்கப்பட்டவர் டொரிங்டன் பிரபு. மலைநாட்டு மக்கள் வெறுத்த ஒரு பெயரை மலைநாட்டின் அமைதியான பறவை சுமக்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

பெயர் கிடைத்த வேளையில் காடு போய்க்கொண்டிருந்தது. 1830கள் முதல் கோப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் ஏறின. தமிழகத்திலிருந்து மன்னார் வழியே கால்நடையாக நடத்திவரப்பட்ட தொழிலாளரும் அந்தக் காடுகளை வெட்டி எரிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் பலர் அந்த வழியிலேயே நோயிலும் பட்டினியிலும் இறந்தார்கள். காட்டின் அழிவையும் அவர்களின் துயரையும் பிரித்து எழுத முடியாது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்து இன்னும் மேலே ஏறியது. நடுத்தர உயரத்துக் காடுகள் ஏறக்குறைய முழுவதும் போயின.

உச்சிப் பகுதியில் காடு எஞ்சியதற்கு ஓர் அறிவுரை காரணம். 1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் உள்ள காடுகளை வெட்ட விடக்கூடாது என்று இலங்கை அரசுக்கு அறிவுரைத்தார். ஆறுகளின் ஊற்றுக்கண்ணையும் மழையையும் எண்ணிச் சொல்லப்பட்ட அறிவுரை அது. பறவையை எண்ணி அன்று. ஆயினும் அந்த 5,000 அடிக் கோடு காட்டுப்புறாவுக்கு உயிர்க்கோடாயிற்று. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள், ஹக்கலை, பீதுருதாலகால என்று இன்று அதைக் காணும் இடங்களில் பெரும்பாலானவை அக்கோட்டுக்கு மேலே உள்ளவை. ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் உச்சிக்காடு மட்டும் இப்பறவைக்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுக் கறுவா போன்ற மரங்கள் பழுக்கும் பருவத்தைத் தொடர்ந்து அது இடம் பெயரும்; சில மாதங்களில் தாழ்ந்த மலைக்காடுகளுக்கும் இறங்கும். சிங்கராஜ வனத்தில் அது தென்படுவது அப்படித்தான். நடுவிலுள்ள காடு தேயிலையாக மாறிவிட்ட நிலையில், இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உள்ள பாதை அறுந்த துண்டுகளாக இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் பல பத்தாண்டுகளாக மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதும் நடக்கிறது. தோப்புகளில் நடப்பட்ட யூக்கலிப்டசும் பைனும் இந்தப் புறாவுக்குப் பழம் தருவதில்லை.

இரு பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளியின் ஆழம் தெரியும். மாடப்புறா ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். 17 முதல் 19 நாளில் குஞ்சு பொரிக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பறக்கும். தாய் அதற்குள் அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகிவிடும். காட்டுப்புறா இடுவது ஒரே முட்டை. பெரும்பாலும் பெப்ரவரி முதல் மே வரையான பருவத்தில். காட்டின் உயரத்தில் குச்சிகளால் ஆன ஒரு மெல்லிய தட்டே அதன் கூடு. காடு நிலைத்திருந்த காலத்தில் ஒரு முட்டை போதும். மரம் விழத் தொடங்கியபோது அந்த நிதானம் பறவைக்கு எதிராகத் திரும்பியது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் நீலகிரிக் காட்டுப்புறா இதன் மிக நெருங்கிய உறவு. கோப்பியும் தேயிலையும் ஏறிய அம்மலைகளில் அதற்கும் இதே நிலைதான் வந்தது, அதுவும் அழிவாய்ப்புள்ள பட்டியலிலேயே இருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் எளிதில் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. மாடப்புறா எங்கும் நிறைந்த பறவைதான். அதன் காட்டு மூலம் அப்படியன்று. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் கடலுக்குள் இரண்டு சிறிய பாறைத்தீவுகள் உள்ளன. புறாமலை என்று அங்குள்ள மக்கள் சொல்லும் இடம் அது. அந்தப் பாறைகளில் கூடு கட்டும் நீலப் பாறைப்புறாக்களாலேயே அப்பெயர் வந்தது. பாறைப்புறா தன் பழைய முறையில், கடலைப் பார்த்த கல்லிடுக்கில், வாழும் இடங்கள் இலங்கையில் மிகச் சில. புறாமலை 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த 2009 க்குப் பின்னர் பயணிகள் பெருமளவில் அங்கே வருகிறார்கள். பேச்செல்லாம் பவளப்பாறையைப் பற்றியதாகவே இருக்கிறது. தீவுக்குப் பெயர் தந்த பறவையைப் பற்றிய கவனம் குறைவு.

அந்தப் பறவைக்கு உள்ள ஓர் ஆபத்து, கரையிலிருந்து பறந்து வரும் ஊர்ப்புறா. இரண்டும் ஒரே இனம் ஆதலால் தடையின்றிக் கலக்கும். சில தலைமுறைகளில் காட்டு மரபு கரைந்துவிடும். ஸ்கொட்லாந்தின் வெளி ஹெப்ரைட்ஸ் தீவுகளில் வாழும் பாறைப்புறாக்களின் மரபணுவை ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த ஆய்வு, வளர்ப்புக் கலப்பு ஏறக்குறைய இல்லாத கூட்டம் அங்கே எஞ்சியிருப்பதைக் காட்டியது. பிரித்தானியத் தீவுகளின் வேறு பகுதிகளில் கலப்பு மிகுந்திருப்பதையும் காட்டியது.

வளர்ப்புப் புறாவும் கொண்டுவரப்பட்ட புறாவும் வேறு வகையிலும் கேடு செய்யும் என்பதற்கு மொறீசியஸ் சான்று. தமிழர் பல தலைமுறைகளாக வாழும் அத்தீவில்தான் புறாக் குடும்பத்தைச் சேர்ந்த டோடோ 17ஆம் நூற்றாண்டில் அழிந்தது. அங்கே எஞ்சிய இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ பத்து என்ற அளவுக்குச் சுருங்கியது. கூண்டில் வளர்த்து மீண்டும் காட்டில் விட்ட நெடிய முயற்சியால் அது பல நூறாகப் பெருகியது. ஆனால் தொண்டையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய் அதன் குஞ்சுகளை இன்றும் கொல்கிறது. தீவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட புறாக்கள் அந்த நோயைச் சுமக்கின்றன. இலங்கையின் மலைநகரங்களில் ஊர்ப்புறாக் கூட்டங்கள் காட்டின் ஓரத்தை எட்டும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

உடுப்பிட்டியின் சொந்தப் புறாக்கள் வேறு. மணிப்புறா என்று வழங்கும் புள்ளிப்புறா வேலியோரத்திலும் பனந்தோப்பிலும் இணையாக மேயும். மரத்திலும் புதரிலும் கூடு கட்டும். பின்கழுத்தில் கறுப்பு அரைவளையம் உள்ள கள்ளிப்புறா, இலங்கையில் வறண்ட வடக்கு, வடமேற்குக் கரைப்பகுதிகளை ஒட்டியே வாழ்வது. மலைநாட்டுக்காரருக்குக் காட்டுப்புறா எவ்வளவு சிறப்போ, வடபுலத்தாருக்கு இது அவ்வளவு சிறப்பு. ஆல், அரசு பழுக்கும் காலத்தில் பச்சைப்புறாக்கள் வரும். இவற்றில் எதற்கும் கோபுரமோ கிட்டங்கியோ தேவைப்படவில்லை. பனந்தோப்பும் கிளுவை வேலியும் மதிலாக மாறும் இடங்களில் இவை குறைகின்றன, மாடப்புறா கூடுகிறது.

இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் மாடப்புறாவை ஒரே இனமாக எண்ணுவதால், புறாமலையின் காட்டுக் கூட்டமும் நெல்லியடிச் சந்தையில் மேயும் கூட்டமும் ஒரே கணக்கில் விழுகின்றன. காட்டுப்புறாவின் எண்ணிக்கை தனியே கவனிக்கப்படுகிறது, அது வாழும் காடுகளில் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. நிலாவெளிப் பாறைகளில் கூடு கட்டும் புறாக்களுக்கு அப்படித் தனிக் கணக்கு இல்லை.